முடியாத தொடர்களும் முடிவு தெரிந்த காதல்களும்

2011 ஜூலை 12ஆம் தேதி ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் தடித்த புத்தகம். அன்று அதைப் பாடப் புத்தகத்துக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்த பெண் இன்று வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பாள். அடுத்த தொகுதி மட்டும் வந்தபாடில்லை. இடையில் அதே கதையைத் தொலைக்காட்சிக்காரர்கள் எட்டு சீசன், 73 எபிசோட் எடுத்து, 2019இல் முடித்தும் விட்டார்கள். அந்த முடிவைப் பார்த்து ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். எழுதியவர் எப்படி முடிப்பார் என்பதை அறிய அவர்களுக்கு இன்னும் வழியில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு சித்தி இருந்திருப்பார். லெண்டிங் லைப்ரரியில் வாரத்துக்கு மூன்று மில்ஸ் அண்ட் பூன் எடுத்துப் படிப்பவர். அட்டையைப் பார்த்ததுமே அவருக்கு முடிவு தெரியும். கோபக்காரப் பணக்காரன் கடைசியில் இறங்கிவந்து மன்னிப்புக் கேட்பான், இருவரும் சேர்வார்கள். "இதையெல்லாம் எப்படித்தான் படிக்கிறீர்களோ" என்று வீட்டில் கேலி செய்வார்கள். டிராகன் கதை படிக்கும் அந்தப் பெண்ணை யாரும் கேலி செய்யவில்லை. அவள் ஏதோ கனமான புத்தகம் படிப்பதாகப் பேர்.

இருவரில் ஏமாந்தது யார்? தொடர் நாவல் படிக்கும் எவரையும் உறுத்தும் கேள்வி இது. 'முதல் தொகுதி' என்று அச்சிட்டு விற்கும்போதே எழுத்தாளர் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறார். ஃபேன்டசி அதைப் பெரிதாகக் கொடுத்துவிட்டு அடிக்கடி தவறுகிறது. காதல் நாவல் கொடுப்பது சின்ன வாக்கு, ஆனால் அதைத் தவறாமல் காப்பாற்றுகிறது. இன்றைக்கு இரண்டையும் கலந்து 'ரொமான்டசி' என்ற பெயரில் ஒரு வகை விற்பனையில் சக்கைப்போடு போடுவதற்கும் இதில் காரணம் இருக்கிறது.

முதலில் காதல் நாவல். அமெரிக்காவின் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனைகள் வைத்தது. கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவையும் நம்பிக்கையையும் தர வேண்டும். மற்றதெல்லாம் எழுதுபவரின் இஷ்டம். நாயகன் டியூக்காக இருக்கலாம், ஓநாயாக மாறுபவனாக இருக்கலாம், பல் டாக்டராகவும் இருக்கலாம். இரண்டாவது நிபந்தனையை மீறினால் புத்தகம் வேறு அலமாரிக்குப் போய்விடும்.

இப்படி முடிவைக் கட்டிப்போட்டால் கலை எங்கே மிஞ்சும் என்று கேட்பார்கள். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முடிவு இன்று தெரியாதவர் யார்? தெரிந்தும் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். எலிசபெத் எந்தக் கணத்தில் மனம் மாறுகிறாள், டார்சியின் கடிதத்தை முதல் தடவை எப்படிப் படிக்கிறாள், இரண்டாம் தடவை எப்படிப் படிக்கிறாள் என்பதில்தான் சுவாரசியம். 'என்ன ஆகும்' என்ற கேள்வியை முன்கூட்டியே தீர்த்துவிட்டதால், 'எப்படி ஆகும்' என்பதில் எழுத்தாளர் முழு மூச்சாக உழைக்க வேண்டியிருக்கிறது. இதில் ஏமாற்ற இடமில்லை. இருவரும் சேர்வது நம்பும்படியாக இல்லையென்றால் வாசகி அடுத்த புத்தகம் வாங்க மாட்டார்.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் 'ரீடிங் த ரொமான்ஸ்' என்று ஒரு நூல் எழுதினார். ஒரு சிற்றூரில் காதல் நாவல் படிக்கும் பெண்களோடு பேசி எழுதியது. ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்மித்டன். அங்கே புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்மணிதான் மற்றவர்களுக்கு எதை வாங்கலாம், எதை ஒதுக்கலாம் என்று சொல்பவர். ராட்வே கேட்டதில் முக்கியமாகத் தெரியவந்தது, கதையைவிடப் படிக்கும் நேரம்தான் அந்தப் பெண்களுக்குப் பெரிது என்பது. கணவர், பிள்ளைகள், சமையல் எல்லாவற்றுக்கும் நடுவே 'இது என் நேரம், யாரும் கூப்பிடாதீர்கள்' என்று சொல்ல அவர்களுக்குக் கிடைத்த ஒரே சாக்கு அந்தப் புத்தகம். சிலர் கடைசிப் பக்கங்களை முன்னாலேயே புரட்டிப் பார்த்துக்கொள்வார்கள். கிடைப்பதே கொஞ்ச நேரம், அதையும் அழவைக்கும் கதையில் தொலைக்க அவர்கள் தயாரில்லை. இதை முட்டாள்தனம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நம் ஊரில் ரமணிசந்திரனின் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை வரிசையாகப் படித்துத் தீர்த்தவர்களிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான் வரும்.

ஆனால் காதல் நாவலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் மழுப்பிவிடும் ஒரு பக்கமும் உண்டு. 1972இல் கேத்லீன் வுடிவிஸ் எழுதி ஏவன் பதிப்பகம் வெளியிட்ட 'த ஃபிளேம் அண்ட் த ஃபிளவர்' அமெரிக்கச் சரித்திரக் காதல் நாவல்களுக்குப் புதிய சந்தையையே திறந்துவிட்ட புத்தகம். அதில் நாயகன் நாயகியை முதலில் பலாத்காரம் செய்கிறான், பிறகு கணவனாகிறான், கடைசியில் காதலனாகிறான். முடிவு சுபம் என்பதால் ஆரம்பத்தில் நடந்த குற்றம் கரைந்துபோய்விடுகிறது. இந்தப் பாணி பல வருடம் ஓடியது. சுபமான முடிவு வாசகிக்கு ஒரு பாதுகாப்பு என்பது எவ்வளவு உண்மையோ, எழுத்தாளர்கள் பலர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள் என்பதும் அவ்வளவு உண்மை.

தொடர் என்று வந்தால் காதல் நாவலுக்கு ஒரு தொழில் சிக்கல் இருக்கிறது. சேர்த்துவைத்தாயிற்று, இனி என்ன எழுதுவது? ஜூலியா க்வின் இதற்குக் கண்ட வழி, குடும்பத்தைப் பெரிதாக்குவது. பிரிட்ஜர்டன் வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஆண்டனி, பெனடிக்ட், காலின், டாஃப்னி, எலோயீஸ், ஃபிரான்செஸ்கா, கிரெகரி, ஹையசிந்த் என்று ஆங்கில அகரவரிசையில் பெயர். 2000இலிருந்து 2006 வரை எட்டு நாவல்கள், ஆளுக்கொன்று. ஒவ்வொன்றும் தன்னளவில் முடிகிறது. ஆனால் முந்தைய ஜோடி அடுத்த கதையில் விருந்துக்கு வந்துபோகும். படிப்பவருக்கு ஒரு கூட்டுக்குடும்பத்தில் பழகிய சுகம். நெட்ஃபிளிக்ஸ் இதை 2020 கிறிஸ்துமஸ் அன்று தொடராக்கி வெளியிட்டபோது உலகமே பார்த்தது. இரண்டாம் சீசனில் நாயகி கேட்டை இந்தியாவிலிருந்து வந்த ஷர்மா வீட்டுப் பெண்ணாக மாற்றினார்கள். நடித்தவர் சிமோன் ஆஷ்லி, தமிழ் வம்சாவளிப் பெண். நாவலில் அவள் அசல் ஆங்கிலேயப் பெண், கேட் ஷெஃபீல்ட். இந்த மாற்றத்தால் கதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் கூடுதலாகவே சோபித்தது.

எட்டுக் கல்யாணம் முடிந்தும் வாசகிகள் க்வினை விடவில்லை. அப்புறம் என்ன ஆச்சு, அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது, இவளுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு நாவலுக்கும் இரண்டாவது பின்கதை எழுதினார். 2013இல் அவையெல்லாம் சேர்ந்து தனிப் புத்தகமாக வந்தன. இலக்கிய ரீதியாக அவற்றுக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லும் பண்பு அதில் இருக்கிறது.

இந்தப் பண்பு தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்து முடிந்தபோது, வாசகர்கள் முடிவு அவசரமாக இருக்கிறதென்று எழுதித் தள்ளினார்கள். இன்னார் பிறகு என்ன ஆனார், இன்னாருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேள்விகள் வந்து குவிந்தன. கல்கி அவற்றுக்குப் பதிலாக ஒரு முடிவுரையே எழுதினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் அவர் அப்படியே விட்டுவிட்டார். அதைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறோம், அது வேறு விஷயம். வேறு எழுத்தாளர்கள் அந்தக் கதையைத் தொடரவும் செய்தார்கள். விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' அப்படி வந்ததுதான்.

ஃபேன்டசிக்கு வருவோம். தொகுதி தொகுதியாக எழுதும் வழக்கத்துக்கு டோல்கியனைக் காரணம் சொல்வார்கள். ஆனால் அவர் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை ஒரே புத்தகமாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் காகிதச் செலவுக்கும் விலைக்கும் பயந்து பதிப்பகம் அதை மூன்றாகப் பிரித்தது. முதல் இரண்டு தொகுதிகள் 1954இல் வந்தன. பின்னிணைப்பு எழுதி முடியாததால் மூன்றாவது 1955 அக்டோபர் வரை இழுத்தது. இரண்டாவது தொகுதி முடியும் இடத்தில் ஃபிரோடோ எதிரியின் கையில் சிக்கிக் கிடக்கிறான். அன்றைய வாசகர் அவனை அந்த நிலையில் பதினோரு மாதம் விட்டுவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய கணக்கில் அது ஒரு கண் சிமிட்டும் நேரம்.

டோல்கியன் காதலை எங்கே வைத்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. அரகார்ன், ஆர்வென் இருவரின் கதை, மனிதனுக்காக ஒரு பெண் தன் சாவாவரத்தையே விட்டுக்கொடுக்கும் கதை, பின்னிணைப்பில் இருக்கிறது. மன்னர் பரம்பரைப் பட்டியல்களோடு அதுவும் ஒன்று. முதல் தடவை படிப்பவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டார்கள். அரைநூற்றாண்டுக் காலம் ஃபேன்டசி எழுதிய ஆண்கள் பலர் இதையே உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள் போலும். காதல் என்றால் பின்னிணைப்பு.

ராபர்ட் ஜோர்டானின் 'த வீல் ஆஃப் டைம்' 1990இல் தொடங்கியது. முதல் ஆறு தொகுதிகள் வரை பிடித்தால் விடமுடியாத வேகம். அதன்பின் கதை ஊர ஆரம்பித்தது. 2003இல் வந்த பத்தாவது தொகுதியில் பெரும்பகுதி, ஒன்பதாவதின் கடைசியில் நடந்த ஒரு சம்பவத்தை ஆளாளுக்குத் தூரத்திலிருந்து பார்த்துத் திகைப்பதிலேயே போகிறது. காதலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாயகன் ராண்டை மூன்று பெண்கள் காதலிக்கிறார்கள், மூவரும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்கிறார்கள். ஏன் அவனை விரும்புகிறார்கள் என்பதற்கு விதி என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. நைனீவ் என்ற பாத்திரம் கோபம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுப்பாள். முதல் தொகுதியில் அது குணச்சித்திரம். ஏழெட்டுத் தொகுதி தாண்டியபின் அந்தத் தலைமுடி எப்படி இன்னும் மிச்சமிருக்கிறது என்ற ஆச்சரியம்தான் வருகிறது.

ஆனாலும் ஜோர்டானை மரியாதையோடுதான் பேச வேண்டும். அபூர்வமான நோய் ஒன்று வந்து, பிழைப்பது கடினம் என்று தெரிந்தபின், அவர் முடிவுக்கான குறிப்புகளை எழுதியும் சொல்லியும் வைத்தார். 2007 செப்டம்பரில் இறந்தார். அவருடைய மனைவி ஹேரியட் மெக்டூகல் அவருக்கு எடிட்டரும்கூட. பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டானுக்கு எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டு, ஹேரியட் தொடரை முடிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். ஒரே தொகுதி என்று நினைத்தது மூன்றாக விரிந்தது. 2013 ஜனவரியில் பதினான்காவது தொகுதியோடு கதை முடிந்தது. கடைசிக் காட்சி ஜோர்டானே எழுதிவைத்துவிட்டுப் போனது. கல்கி இறந்தபோது பாதியில் நின்ற 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி எழுதி முடித்ததை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சாண்டர்சனின் நடையில் ஜோர்டானின் கனம் இல்லை, சில பாத்திரங்கள் திடீரென்று வேறு மாதிரிப் பேசுகிறார்கள். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஏறக்குறைய இருபத்துமூன்று வருடம் காத்திருந்தவருக்குக் கடைசிப் பக்கம் கிடைத்தது.

டெர்ரி பிராட்செட் நேர் எதிர். 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் அவர் 1983இலிருந்து எழுதியவை 41 நாவல்கள், ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனிக்கதை. எதில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், எதில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். 2015இல் அவர் இறந்தார். முடிக்காமல் விட்டவை இருந்த ஹார்ட் டிஸ்கை, அவர் விருப்பப்படியே 2017இல் இங்கிலாந்தில் ஒரு திருவிழாவில் நீராவி ரோட் ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். யாருக்கும் பாக்கி வைக்காமல் எழுதியவரால்தான் அப்படிச் செய்ய முடியும்.

இனி மார்ட்டின். அவர் முதலில் போட்ட திட்டம் மூன்றே தொகுதிகள். 1996, 1998, 2000 என்று மூன்றும் சரசரவென்று வந்தன. மூன்றாவதான 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்' போல ஒரு ஃபேன்டசி நாவல் வருவது அபூர்வம். அங்கேதான் சிக்கலும் பிறந்தது. கதையில் பிள்ளைகள் மிகவும் சின்னவர்களாக இருந்ததால், அதற்குப்பின் ஐந்து வருடம் தாண்டிக் கதையைத் தொடங்கலாம் என்று நினைத்தார். கொஞ்சம் எழுதியும் பார்த்தார். சில பாத்திரங்களுக்கு அந்த இடைவெளி பொருந்தியது, சிலருக்குப் பொருந்தவில்லை. சதிகாரர்கள் ஐந்து வருடம் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? எழுதியதைத் தூக்கிப்போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினார். கையெழுத்துப் பிரதி பெருத்துப்போய், பாத்திரங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பாதிப்பேரை 2005இல் வந்த நான்காவது தொகுதியில் வைத்தார். மீதிப்பேரின் கதை அடுத்த வருடம் வரும் என்று நம்புவதாகப் பின்குறிப்பும் எழுதினார். வந்தது 2011இல்.

எழுத்தாளர்களில் முழு வரைபடம் போட்டுவிட்டுக் கட்டுபவர்கள் ஒரு வகை, விதை போட்டுவிட்டு என்ன முளைக்கிறது என்று பார்ப்பவர்கள் இன்னொரு வகை, தான் இரண்டாவது வகை என்று மார்ட்டின் சொல்லிக்கொள்வார். அதில் தப்பில்லை. ஆனால் ஏழு தொகுதி என்று அறிவித்து ஐந்தை விற்றபின் அந்த விளக்கம் எடுபடுவதில்லை. பேட்ரிக் ராத்ஃபஸின் நிலை இன்னும் சங்கடமானது. 2007இலும் 2011இலும் இரண்டு தொகுதிகள் எழுதினார், மூன்றாவது வரவில்லை. ஒருவன் தன் கதையை மூன்று நாளில் சொல்லி முடிப்பதாகச் சொல்வதுதான் அந்தத் தொடரின் அமைப்பே. இரண்டு நாள் சொல்லியாயிற்று. மூன்றாம் நாள் விடியவில்லை.

மார்ட்டினைக் குறைசொன்ன ஒரு வாசகருக்கு 2009இல் நீல் கெய்மன் பதில் எழுதினார். எழுத்தாளர் உங்கள் கூலியாள் இல்லை, நீங்கள் வாங்கியது ஒரு புத்தகம், அடுத்ததற்கு எந்த ஒப்பந்தமும் இல்லை என்பது அதன் சாரம். சட்டப்படி அது சரி. எழுபது வயது தாண்டியவரைச் செத்துப்போவதற்குள் முடித்துவிடு என்று விரட்டுவது அநாகரிகம், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் வாசகரின் வருத்தத்தை அது தொடவே இல்லை. முடியாத நாவலில், ஏற்கெனவே படித்த பக்கங்களும் அர்த்தம் இழக்கின்றன. ஜான் ஸ்நோவின் தாய் யார் என்பதற்கு முதல் தொகுதியிலிருந்து தூவிய தடயங்கள் ஐந்து தொகுதிக்கு நீள்கின்றன. அவற்றுக்கு நாவலுக்குள் பதில் வராவிட்டால் அவை தடயங்களா, வெறும் அலங்காரமா? காதல் நாவல் எழுதுபவர் யாரும் ஜோடியைப் பிரித்துவைத்துவிட்டு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று இத்தனை வருடம் சும்மா இருந்ததில்லை. இருந்தால் அவரை யாரும் மேதை என்று சொல்லப்போவதும் இல்லை.

இரண்டு வகையும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர் டயானா கேபல்டான். சூழலியல் படித்து டாக்டர் பட்டம் பெற்றவர். நாவல் எழுதிப் பழகுவதற்காக எழுதியது என்று அவர் சொல்லும் 'அவுட்லேண்டர்' 1991இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் நர்ஸாக இருந்த கிளேர், 1945இல் ஸ்காட்லாந்தில் ஒரு கல்வட்டத்துக்குள் போய் 1743இல் விழுகிறாள். ஜேமி ஃபிரேசரை அவள் மணப்பது முதல் நாவலின் நடுவிலேயே நடந்துவிடுகிறது. வழக்கமான காதல் நாவல் நிற்கும் இடத்தில் இது ஆரம்பிக்கிறது. மூன்றாவது நாவலான 'வாயேஜர்' கையில் கிடைத்தால், அச்சுக்கூடக் காட்சியை மட்டுமாவது படித்துப் பார்க்கலாம். இருபது வருடம் பிரிந்திருந்த கிளேர், இப்போது சர்ஜன், மகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு மறுபடியும் காலம் தாண்டி எடின்பரோவுக்கு வருகிறாள். ஜேமி வேறு பெயரில் அங்கே அச்சுக்கூடம் நடத்துகிறான். அச்சு இயந்திரத்தின் மேல் குனிந்திருப்பவன், வந்தது வேலையாள் என்று நினைத்துத் திரும்பாமலே ஏதோ சொல்கிறான். அவள் வாய் திறக்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான். வீரதீர ஹைலாண்டுக்காரன் மயங்கி விழுகிறான்.

அதன்பின் வருவது இன்னும் அழகு. இருவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவள் தன் நரையைப் பற்றிக் கூச்சப்படுகிறாள். பிறந்ததிலிருந்து பார்த்திராத மகளின் முகத்தை அவன் புகைப்படங்களில் பார்க்கிறான். அந்தக் காலத்தில் புகைப்படம் என்ற பொருளே உலகில் இல்லை. காலப் பயணம் என்ற ஃபேன்டசி சங்கதி இல்லாமல் இந்தக் காட்சியே கிடையாது. முழு வாழ்க்கையையும் தொலைத்துவிட்ட தம்பதி மறுபடி ஒருவரையொருவர் எப்படித் தொடுவது என்பதை எழுத அதைப் பயன்படுத்தியதில் கேபல்டான் கெட்டிக்காரர். பிற்காலத் தொகுதிகளில் சதை போட்டுவிட்டது உண்மை. கதை நகராமல் நின்றால் யாராவது ஒருவர் கடத்தப்படுவார் அல்லது பலாத்காரத்துக்கு ஆளாவார் என்ற அளவுக்கு அது வழக்கமாகிப்போனதும் உண்மை. எட்டாவது 2014இல், ஒன்பதாவது 2021இல். பத்தாவதே கடைசி என்று சொல்லியிருக்கிறார். இருந்தாலும் அவருடைய ஒவ்வொரு தொகுதியும் ஏதோ ஒரு கரையில் கொண்டுபோய் விடுகிறது.

இந்த இருவழிப் பாதையில்தான் இன்றைய ரொமான்டசி ஓடுகிறது. லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் 2008இல் டென்வரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் ஒரு கருத்துச் சொன்னார். காதல் கதை அன்பைப் பற்றிய கனவு, துப்பறியும் கதை நீதியைப் பற்றிய கனவு, அறிவியல் புனைகதையில் பெரும்பகுதி அரசியல் அதிகாரத்தைப் பற்றிய கனவு என்பது அதன் பொருள். ஃபேன்டசிக்கும் இது பொருந்தும். சாரா ஜே. மாஸும் ரெபெக்கா யாரோஸும் வாசகிக்கு அன்பு, அதிகாரம் இரண்டையும் ஒரே அட்டைக்குள் கொடுக்கிறார்கள். சித்தியின் உத்தரவாதமும் அந்தப் பெண்ணின் டிராகனும் ஒன்றாகக் கிடைத்தால் யார்தான் வாங்க மாட்டார்கள்? யாரோஸின் மூன்றாவது தொகுதி 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் வந்த முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 27 லட்சம் பிரதிகள் விற்றது.

மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015இல் வந்தது. முதல் நாவல் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கதையை ஸ்காட்லாந்தின் டாம் லின் கதைப்பாடலோடு பிணைத்தது. வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஃபேய்ரா, டாம்லின் என்ற மாயப் பிரபுவின் மாளிகைக்குப் போகிறாள், காதலிக்கிறாள், அவனுக்காக உயிரையே கொடுக்கிறாள். சுபம். சுமாரான புத்தகம் என்று மூடிவைத்துவிடலாம். 2016இல் வந்த இரண்டாம் நாவலில்தான் மாஸ் துணிச்சலான காரியம் ஒன்று செய்தார். சாவிலிருந்து மீண்ட ஃபேய்ரா தூங்க முடியாமல், சாப்பிட்டது தங்காமல் இளைத்துப்போகிறாள். டாம்லின் அவளைப் பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டு வெளியே விடுவதில்லை. ஒருநாள் மாளிகையைச் சுற்றி மந்திரச் சுவர் எழுப்பிவிட்டுப் போய்விடுகிறான். அவள் மூச்சுமுட்டி உடைந்துபோகிறாள். முதல் நாவலில் காதலாக ரசித்த அதே குணம், அவனுடைய பாதுகாப்பு வெறி, இரண்டாவதில் சிறையாகிறது. முதல் தொகுதியின் சுப முடிவை எழுதியவரே திருப்பிப்போட்டது காதல் வகையில் அபூர்வம். அது வாக்குத் தவறியதாகவும் ஆகவில்லை. நாயகன் மாறினான், உத்தரவாதம் அப்படியே இருந்தது.

அவ்வளவு தைரியம் காட்டியவர் அடுத்த அடியிலேயே சறுக்கினார். புது நாயகன் ரைசண்டுக்கும் ஃபேய்ராவுக்கும் இடையே பிறப்பிலேயே விதிக்கப்பட்ட ஒரு பிணைப்பு இருப்பதாகத் தெரியவருகிறது. அவனுக்கு வயது ஐந்நூறுக்கு மேல், அவளுக்கு இருபதுகூட நிரம்பவில்லை என்பதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம், மாய உலகத்துக்கு மாயக் கணக்கு. விதியே ஜோடி சேர்த்துவிட்டால் அவள் தேர்ந்தெடுப்பதற்கு என்ன மதிப்பு? டாம்லினை விட்டு வெளியேறியது அவளுடைய முடிவு. அந்த அருமையான முடிவுக்குப் பக்கத்தில் விதியைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்க வேண்டாம். ஆஸ்டின் நாவலில் டார்சி தன் நடத்தையால் எலிசபெத்தைப் பெறுகிறான். இங்கே முத்திரை முன்னாலேயே குத்தியாகிவிட்டது. காதல் நாவலின் உத்தரவாதத்தை மலிவாகத் தயாரிக்கும் வழி இது. ராண்டின் மூன்று காதலிகளிடம் சலித்த அதே விஷயம்தான்.

யாரோஸிடமும் இந்தக் குறை உண்டு. 2023 மே மாதம் வந்த 'ஃபோர்த் விங்' நாவலில், வயலட்டின் டிராகனும் ஸேடனின் டிராகனும் ஜோடி. அதனால் ஓட்டுபவர்கள் சில நாட்களுக்கு மேல் பிரிந்திருக்க முடியாது. கதைக்கு வசதியான ஏற்பாடு. அந்த உலகமும் மெல்லியது, தட்டினால் அட்டைச் சத்தம் கேட்கும். ஆனால் உடம்பைப் பற்றி எழுதும்போது யாரோஸ் மற்றவர்களைத் தாண்டிவிடுகிறார். வயலட்டுக்கு மூட்டுகள் சட்டென்று நழுவும், எலும்பு சுலபமாக உடையும். யாரோஸுக்கே இருக்கும் எஹ்லர்ஸ்-டான்லோஸ் நோயின் சாயல் அது. ராணுவக் கல்லூரியில் அவள் மூட்டைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, டிராகனின் முதுகில் நிலைக்க முடியாமல் தனக்கென்று செய்துதரப்பட்ட சேணத்தைப் பூட்டிக்கொள்ளும் இடங்கள் அசலாக இருக்கின்றன. இரண்டாவது தொகுதியை ஆறே மாதத்தில் கொண்டுவந்ததில் அந்த அசல்தன்மை நீர்த்துப்போனது. பதினான்கு வருடத்துக்கு மேல் காக்கவைப்பது ஒரு குற்றமென்றால், ஆறு மாதத்தில் ஊற்றிக்கொடுப்பதும் வாசகருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

ஃபேன்டசியின் அதிகாரக் கனவையும் காதலையும் ஒரே நாவலில் நேருக்கு நேர் நிறுத்தியவர் உர்சுலா லெ குவின். 'எர்த்ஸீ' வரிசையில் 1968, 1971, 1972 என்று மூன்று நாவல்கள் எழுதினார். கெட் என்ற செம்புநிறத் தோல் கொண்ட மந்திரவாதி உலகைக் காப்பாற்றித் தன் சக்தியெல்லாம் இழப்பதோடு மூன்றாவது முடிந்தது. பதினெட்டு வருடம் கழித்து, 1990இல், 'தெஹானு' வந்தது. நாயகி டெனார் இப்போது நடுவயது விதவை, விவசாயி வீட்டுப் பெண். பெற்றவர்களாலேயே நெருப்பில் வாட்டப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கெட் டிராகனின் முதுகில், நினைவில்லாமல் வந்து சேர்கிறான். மந்திரமில்லை. யாராவது தன்னைப் பார்த்துவிடுவார்களோ என்று ஒளிகிறான், மலையில் ஆடு மேய்க்கப் போகிறான். ஒரு குளிர்கால இரவில் அவள் வீட்டுக்குள் அடியாட்கள் புக முயல்கிறார்கள். அவர்களைத் தடுக்க அவனிடம் இருப்பது வைக்கோல் அள்ளும் கவைக்கோல் ஒன்றுதான். அந்தக் கலவரம் அடங்கியபின், அடுப்பங்கரையில், இருவரும் சேர்கிறார்கள். மந்திரவாதிகள் பெண்ணைத் தொடாமல் விரதம் காப்பவர்கள் என்பதால், ஐம்பது கடந்தவனுக்கு அது முதல் அனுபவம். நாயகனிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டபின் அவனிடம் காதலிக்க என்ன மிச்சமிருக்கிறது என்று எழுதிப் பார்த்த ஃபேன்டசி அதற்குமுன் இல்லையென்றே சொல்லலாம். அன்று பல வாசகர்கள் கோபப்பட்டார்கள். தங்கள் மந்திரவாதியைப் பாத்திரம் தேய்க்க விட்டுவிட்டாரே என்ற ஆத்திரம். அந்தக் கோபமே நாவல் சரியான இடத்தில் அடித்ததற்குச் சாட்சி.

அதன் அட்டையில் 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று போட்டிருந்தார்கள். 2001இல் லெ குவின் இன்னும் இரண்டு எழுதினார். வாக்குத் தவறியதுதான். இப்படித் தவறினால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

தொடர் முழுதாக வந்தபிறகே வாங்குவேன் என்று இப்போது பலர் சபதம் எடுத்திருக்கிறார்கள். மார்ட்டினிடமும் ராத்ஃபஸிடமும் சூடு கண்டவர்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. அதன் விளைவு போய் விழுவது மார்ட்டின் மேல் அல்ல. அவருக்குப் பணத்துக்குக் குறைவில்லை. முதல் தொகுதி விற்கவில்லையென்றால் பதிப்பகம் இரண்டாவதையும் மூன்றாவதையும் போடாது, அடிபடுவது பெயர் தெரியாத புது எழுத்தாளர்தான். ஆகவே புதியவர்களின் முதல் தொகுதியை நம்பி வாங்குங்கள், முடிந்தால் உங்கள் ஊர் நூலகத்திலும் கேட்டு வாங்கவையுங்கள். பழைய ஜாம்பவான்கள் அடுத்த தொகுதியை முடிக்கும்வரை அவர்கள் பெயரில் வரும் கிளைக்கதைகளுக்கும் வண்ண அட்டைப் பதிப்புகளுக்கும் பணம் கொடுக்காதீர்கள். இந்த வகையில் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு, எர்த்ஸீயின் ஆறு புத்தகங்களும் முழுமையாகக் கிடைக்கின்றன, ஜோர்டானின் ஒரு தொகுதி பருமனுக்கு மேல் பெரிதாக வராது. முதல் மூன்றோடு நிறுத்திவிடாமல் 'தெஹானு'வையும் படித்துவிடுங்கள்.